எலும்புக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி?



இன்றைய பேச்சின் பொருள் எலும்பு மஜ்ஜை. புற்றுநோய் வந்தவரின் மஜ்ஜைக்குள் என்ன நடக்கிறது என்பதை அணு மருத்துவம் படமாக எடுத்துக் காட்டுகிறது. அந்தப் படம் எப்படிக் கிடைக்கிறது? அதை எந்த அளவுக்கு நம்பலாம்? ஊசி குத்தி மஜ்ஜையை எடுக்கும் பழைய பரிசோதனையை அது ஒழித்துவிட்டதா? இந்தக் கேள்விகளைத்தான் இன்று கையில் எடுக்கிறோம்.

அணு என்றதும் சிலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கல்பாக்கமும் கூடங்குளமும் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் இங்கே பேசப்போவது ஒரு சிரிஞ்சுக்குள் அடங்கும் மருந்தைப் பற்றி. அந்த மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இன்று மாலை ஆறு மணிக்கு ஏற்றிக்கொண்டால், நாளை மாலை ஆறு மணிக்கு அதில் எட்டாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. பயத்துக்கு அவ்வளவு இடம் போதும், விஷயத்துக்கு வருவோம்.

மஜ்ஜை எப்படி இருக்கும்? ஆட்டுக்கால் நல்லியைத் தட்டி உறிஞ்சிச் சாப்பிட்டவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது ஒரு பாதியைத்தான்! நல்லிக்குள் வெளிறிப்போய்க் கொழகொழவென்று இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. அதை மஞ்சள் மஜ்ஜை என்கிறார்கள். ரத்தம் ஊறுவது அங்கே அல்ல, சிவப்பு மஜ்ஜையில். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய எல்லா எலும்புக்குள்ளும் சிவப்பு மஜ்ஜைதான் இருக்கிறது. வளர வளர, கை கால் நுனியிலிருந்து தொடங்கி உடம்பின் நடுவை நோக்கி, அது மெல்ல மெல்ல மஞ்சளாகிக்கொண்டே வருகிறது. முப்பது வயதுக்காரருக்கு முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மார்பெலும்பு, மண்டையோடு, தொடையெலும்பும் மேற்கையெலும்பும் உடம்போடு சேரும் முனை, இவற்றில் மட்டும்தான் சிவப்பு மஜ்ஜை மிஞ்சியிருக்கும். மொத்த எடை ஒரு கிலோவை ஒட்டி வரும். அந்த ஒரு கிலோதான் நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்களை உண்டாக்கி ரத்தத்தில் விடுகிறது.

இந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் சிவப்பு, எந்த இடத்தில் மஞ்சள் என்பதைத் தெரிந்தவருக்குத்தான் ஸ்கேன் படம் பேசும்.

புற்றுநோயில் மஜ்ஜைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? சில புற்றுநோய்கள் அங்கேயே பிறக்கின்றன. ரத்தப் புற்றுநோயும் மல்டிபிள் மைலோமாவும் அப்படிப்பட்டவை. லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் கழுத்திலோ அக்குளிலோ தொடங்கி மஜ்ஜைக்குள் நுழைகிறது. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் ரத்தத்தோடு பயணம் செய்து அங்கே வந்து குடியேறுகின்றன. இது ஒரு பக்கம். நோயை விரட்டக் கொடுக்கும் கீமோவும் கதிர்சிகிச்சையும் அதே மஜ்ஜையைத்தான் முதலில் அடிக்கின்றன. இது இன்னொரு பக்கம். ஆகவே மருத்துவருக்கு இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். நோய் உள்ளே புகுந்திருக்கிறதா? நல்ல மஜ்ஜை எவ்வளவு மிச்சமிருக்கிறது?

நெடுங்காலமாக இதற்கு ஒரே வழி ஊசிதான். 1927இல் லெனின்கிராடில் மிகயீல் அரிங்கின் என்ற மருத்துவர் மார்பெலும்பில் ஊசியைச் செலுத்தி மஜ்ஜையை உறிஞ்சி எடுத்துக் காட்டினார். இன்று பெரும்பாலும் இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில் எடுக்கிறார்கள். தோலையும் எலும்பின் மேலுறையையும் மரத்துப்போகச் செய்துவிட்டு, தடித்த ஊசியைத் திருகித் திருகி உள்ளே இறக்குகிறார்கள். மரத்துப்போகும் மருந்து எலும்பின் உள்ளே எட்டாது. உறிஞ்சும் அந்த ஒரு நொடியில் வரும் வலி எப்படிப்பட்டது என்பதை அனுபவித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். இந்த அரங்கில் சிலர் தலையசைப்பது தெரிகிறது.

இத்தனை வலிக்கும் பிறகு கையில் கிடைப்பது என்ன? இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில், பென்சில் முனை அளவு தடிமனில் ஒரு துண்டு. மொத்த மஜ்ஜையில் அது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுக் கணக்கு. பானைச் சோறு முழுவதும் ஒரே கொதியில் வெந்ததால் அந்தக் கணக்கு பலிக்கிறது. ரத்தப் புற்றுநோயிலும் பலிக்கிறது. அந்த நோய் மஜ்ஜை முழுக்கப் பரவியிருக்கும், எங்கே குத்தினாலும் தெரியும். ஆனால் லிம்போமா அப்படியா? இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பில் ஒரு திட்டு, ஏழாவது விலாவில் ஒரு திட்டு, இடையில் எல்லாம் சுத்தமான மஜ்ஜை. ஊசி இறங்கிய இடத்தில் நோய் இல்லையென்றால் அறிக்கையில் 'மஜ்ஜையில் நோய் இல்லை' என்றுதானே வரும்? அந்த அறிக்கை பொய் சொல்லவில்லை. தான் பார்த்த இரண்டு சென்டிமீட்டரைப் பற்றி மட்டும் உண்மை சொன்னது.

அப்படியானால் முழு மஜ்ஜையையும் ஒரே பார்வையில் பார்க்க முடியுமா? இந்தக் கேள்விக்கான விடை ஒரு விடுதிச் சாப்பாட்டு மேசையில் தொடங்குகிறது.

1911இல் மான்செஸ்டருக்கு வந்து, ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் சேர்ந்திருந்த ஹங்கேரி இளைஞர் ஜார்ஜ் டி ஹெவெஷி. தங்கியிருந்த விடுதியின் அம்மையார், மீந்துபோன உணவையே மறுபடி மறுபடி உருமாற்றிப் பரிமாறுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். கேட்டால் அந்த அம்மாள் மறுக்கிறார். ஹெவெஷி ஒருநாள் தட்டில் மிச்சம் வைத்த உணவில் துளி கதிரியக்கப் பொருளைக் கலந்துவிட்டார். சில நாள் கழித்து மேசைக்கு வந்த பதார்த்தத்தின் பக்கத்தில் கதிரியக்கம் காட்டும் கருவியைக் கொண்டுபோனார். கருவி அசைந்தது, சந்தேகம் தீர்ந்தது! பிற்காலத்தில் ஹெவெஷியே சொல்லிச் சிரித்த கதை இது. அந்த விளையாட்டுக்குள் ஒரு பெரிய தத்துவம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளோடு துளி கதிரியக்கத்தைச் சேர்த்து அனுப்பினால், அது போகும் வழியையும் சேரும் இடத்தையும் வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். 1935இல் இதே உத்தியால், கதிரியக்கப் பாஸ்பரஸை எலிகளுக்குக் கொடுத்து, எலும்பு என்பது செத்த கட்டுமானம் அல்ல, நாள்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் உயிருள்ள திசு என்று காட்டினார். 1943ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குப் போனது. அணு மருத்துவத்தின் எல்லா ஸ்கேனுக்கும் அடிப்படை இந்த உத்திதான்.

அடுத்த கதை தபாலில் வந்த ஒரு தகடு. பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரான் இயந்திரத்தில் கதிர்பட்டுப் பழசாகிப்போன மாலிப்டினத் தகடு ஒன்று இத்தாலியின் பலெர்மோ நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே எமிலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் அதை ஆராய்ந்து, 1937இல் அதற்குள் ஒரு புதுத் தனிமத்தைக் கண்டார்கள். டெக்னீசியம் என்று அதற்குப் பின்னால் பெயர் வந்தது. அதன் ஒரு வகையான டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும். படம் எடுக்கத் தோதான காமாக் கதிரை வெளியிடும். இன்றும் உலகத்து அணு மருத்துவத் துறைகளில் அதிகம் புழங்கும் ஐசோடோப்பு இதுதான்.

மஜ்ஜையைப் படமெடுக்கும் முயற்சி 1960களிலேயே சூடுபிடித்துவிட்டது. ரத்தம் செய்ய இரும்பு வேண்டும், ஆகவே இரும்பைப் பின்தொடர்ந்தால் ரத்தம் செய்யும் இடம் தெரியும் என்று பெர்க்லியில் டொனால்ட் வான் டைக்கும் ஹால் ஆங்கரும் இரும்பு-52 என்ற ஐசோடோப்பைச் செலுத்திப் பார்த்தார்கள். அருமையான யோசனை, ஆனால் இரும்பு-52 எளிதில் கிடைக்கும் சரக்கல்ல. எனவே மற்ற ஊர்களில் டெக்னீசியம் கலந்த கந்தகத் துகள்களைச் செலுத்தினார்கள். ரத்தத்தில் திரியும் நுண்துகள்களை விழுங்குவதற்கென்றே மஜ்ஜையில் சில செல்கள் உண்டு. அவை விழுங்கிய இடமெல்லாம் படத்தில் தெரிந்தது. நோய் வந்து நல்ல மஜ்ஜையைத் தள்ளிவிட்ட இடம் வெறிச்சோடித் தெரிந்தது. சிக்கல் என்னவென்றால், அதே துகள்களை விழுங்குவதில் கல்லீரலும் மண்ணீரலும் மஜ்ஜையைவிடப் பெரிய பசிக்காரர்கள். பெரும்பங்கு அங்கே போய், அவற்றின் பின்னால் இருக்கும் முதுகெலும்பை மறைத்துவிடும். மஜ்ஜைக்குக் கிடைத்தது மிச்சம் மீதிதான்.

அப்புறம்தான் சர்க்கரை வந்தது.

புற்றுநோய்ச் செல்கள் அளவுக்கு மீறி குளுக்கோஸை இழுக்கின்றன என்பதை 1920களிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் கண்டிருந்தார். குளுக்கோஸில் ஒரு சிறு மாற்றம் செய்து, கதிரியக்க ஃபுளோரின்-18 அணுவை அதில் பொருத்தினால் என்ன? நியூயார்க்கை அடுத்த புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தட்சுவோ இடோவும் அவருடைய சகாக்களும் அதைச் செய்து முடித்தார்கள். அந்த மருந்துக்கு எஃப்டிஜி என்று பெயர். 1976 ஆகஸ்டில் அதைச் சிறு விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள். பாதியாகும் நேரம் 110 நிமிடம் அல்லவா, சாலையில் போனால் கட்டுபடியாகாது! அங்கே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அப்பாஸ் அலவி அதை மனித உடம்பில் முதன்முதலாகச் செலுத்தினார். இந்தியாவுக்கு அது வந்தது 2002இல். மும்பையில் கதிரியக்க மருத்துவ மையத்தில், ஃபுளோரின்-18ஐ உண்டாக்கும் நாட்டின் முதல் மருத்துவச் சைக்ளோட்ரான் ஓடத் தொடங்கிய ஆண்டு அது.

எஃப்டிஜி வேலை செய்யும் விதம் கேட்கச் சுவையானது. செல் அதைக் குளுக்கோஸ் என்று எண்ணி உள்ளே இழுக்கிறது. ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அதோடு சரி. அதற்கு மேல் அதை எரிக்கவும் முடியாது, எளிதில் வெளியே தள்ளவும் முடியாது, செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. மாட்டிக்கொண்ட ஃபுளோரின் பாசிட்ரான் என்ற துகளை வெளியிடும். அது எலெக்ட்ரானோடு மோதி அழியும்போது எதிரெதிர்த் திசையில் இரண்டு காமாக் கதிர்கள் கிளம்பும். சுற்றிலும் உள்ள வளையம் அந்த இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்து, எங்கிருந்து வந்தது என்று கணக்கிடும். இதுவே பெட் ஸ்கேன். கூடவே சிடி ஸ்கேனும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது பெட்-சிடி. ஹெக்சோகைனேஸ் என்ற பெயரை மறந்துவிடாதீர்கள். இன்னும் சற்று நேரத்தில் அது திரும்பி வரும்.

இங்கே ஓர் இடைச்செருகல். புற்றுநோய் சர்க்கரையைத் தின்கிறது, ஆகவே சர்க்கரையை நிறுத்தினால் நோய் பட்டினி கிடந்து சாகும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வைத்தியம் சுற்றுகிறது. மூளை குளுக்கோஸைத்தான் தின்கிறது. இதயமும் தின்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும் நல்ல மஜ்ஜையும் தின்கிறது. வாய் வழியே சர்க்கரை போகாவிட்டால் கல்லீரல் தானே செய்து ரத்தத்தில் விடும். கீமோவில் ஏற்கெனவே இளைத்துப்போன நோயாளியை இந்த வைத்தியம் மேலும் இளைக்க வைக்கும், அவ்வளவுதான்.

நல்ல மஜ்ஜையும் தின்கிறது என்றோமே, அதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆரோக்கியமான ஒருவரின் பெட் படத்திலும் முதுகெலும்பு மெலிதாக ஒளிரும். வழக்கமாகக் கல்லீரலைவிடக் குறைவாக. மஜ்ஜையைப் படிப்பது என்பது ஒளி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதல்ல. எவ்வளவு ஒளி, எந்த வடிவில், எதன் காரணமாக என்று பார்ப்பது.

இப்போது பெட் ஸ்கேன் பெரிதாகச் சாதித்த இடத்துக்கு வருவோம். அது ஹாட்ஜ்கின் லிம்போமா. லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் 1832இல் விவரித்த நோய். கல்லூரி வயதுப் பிள்ளைகளையும் இளைஞர்களையும் அதிகம் பிடிக்கும். நல்ல சேதி, பெரும்பாலோருக்குக் குணமாகும். எத்தனை சுற்று மருந்து, கதிர்சிகிச்சை வேண்டுமா என்பதெல்லாம் நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மஜ்ஜைக்குள் புகுந்துவிட்டால் அது நான்காம் நிலை. அதனால் ஒரு காலத்தில் ஹாட்ஜ்கின் என்று தெரிந்தவுடனே இடுப்பெலும்பில் ஊசி என்பது எழுதாச் சட்டமாக இருந்தது.

இந்தச் சட்டத்தை டென்மார்க் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பெட்-சிடி, ஊசி இரண்டும் செய்யப்பட்ட 454 ஹாட்ஜ்கின் நோயாளிகளின் குறிப்புகளை எடுத்தார்கள். முடிவை 2012இல் வெளியிட்டார்கள். ஊசி 27 பேருக்கு மஜ்ஜையில் நோய் இருப்பதைக் காட்டியது. பெட்-சிடியோ 82 பேருக்கு எலும்புக்குள் தனித்தனித் திட்டுகளைக் காட்டியது. சரி, ஸ்கேன் விட்டுவிட்டு ஊசி மட்டும் பிடித்தவர்கள் இல்லையா? சிலர் இருந்தார்கள். ஆனால் அவர்களும் ஸ்கேனின்படி ஏற்கெனவே முற்றிய நிலையில் இருந்தவர்கள். அவர்களுக்கு எப்படியும் அதே சிகிச்சைதான். 454 பேரில் ஊசியின் முடிவால் சிகிச்சை மாறியிருக்கக்கூடியவர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை!

இதுபோன்ற ஆய்வுகள் சேர்ந்ததும், லிம்போமாவின் நிலைகளை வகுக்க 2014இல் வெளியான லுகானோ வகைப்பாடு வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: பெட்-சிடி எடுத்த ஹாட்ஜ்கின் நோயாளிக்கு மஜ்ஜை ஊசி வழக்கமாகத் தேவையில்லை. அணு மருத்துவத்தின் வரலாற்றில், ஒரு வலியை நோயாளியின் உடம்பிலிருந்து இவ்வளவு சுத்தமாக நீக்கிய முன்னேற்றங்கள் அதிகம் இல்லை.

பெரிய செல் லிம்போமா என்னும் வேகமான வகையில் விதி கொஞ்சம் மாறும். ஸ்கேனில் மஜ்ஜைத் திட்டுகள் தெளிவாகத் தெரிந்தால் ஊசி வேண்டாம். தெரியாவிட்டால், ஊசியின் விடை சிகிச்சையை மாற்றும் என்றிருந்தால் மட்டும் குத்தலாம். ஃபாலிக்குலர் லிம்போமா போன்ற மெதுவான வகைகளில் நிலைமை வேறு. அந்தச் செல்களுக்குச் சர்க்கரைப் பசி குறைவு. நல்ல மஜ்ஜையோடு கலந்து பதுங்கியிருக்கும். ஸ்கேன் எளிதில் ஏமாந்துபோகும். அங்கே ஊசிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஸ்கேன் ஏமாறும் என்றோம். ஏமாற்றவும் செய்யும். ஒரு நிலையைக் கற்பனை செய்து பாருங்கள். இருபது வயது மாணவிக்கு ஹாட்ஜ்கின். இரண்டு சுற்றுக் கீமோ முடிந்துவிட்டது. கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது, காய்ச்சல் போய்விட்டது, பசி எடுக்கிறது. மறுபடி பெட் எடுக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் கழுத்திலும் மார்பிலும் ஒன்றுமில்லை. ஆனால் முதுகெலும்பு முழுவதும், இடுப்பு முழுவதும் பளீரென்று எரிகிறது! முதல் ஸ்கேனில்கூட இப்படி இல்லை. வீட்டில் அழுகை. எலும்பெல்லாம் பரவிவிட்டது என்று உறவினர்களுக்குத் தொலைபேசி பறக்கிறது.

உண்மையில் நடந்தது என்ன? கீமோவால் வெள்ளையணுக்கள் குறைந்ததால் அந்தப் பெண்ணுக்கு 'கவுன்ட் ஏற்றும் ஊசி' போட்டிருக்கிறார்கள். ஃபில்கிராஸ்டிம், பெக்ஃபில்கிராஸ்டிம் என்றெல்லாம் மருந்துச் சீட்டில் இருக்கும். மஜ்ஜையை முடுக்கிவிடுவதுதான் அதன் வேலை. முடுக்கப்பட்ட மஜ்ஜை இராப்பகலாக வெள்ளையணு செய்கிறது. குளுக்கோஸை அள்ளி அள்ளித் தின்கிறது. எஃப்டிஜியையும் சேர்த்தே தின்கிறது. படத்தில் எரிவது நோய் அல்ல, மீண்டு எழுகிற நல்ல மஜ்ஜை.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? வடிவம்தான் முதல் சாட்சி. முடுக்கப்பட்ட மஜ்ஜை எல்லா முள்ளெலும்பிலும் ஒரே சீராக, இடமும் வலமும் ஒத்து ஒளிரும்; பெரும்பாலும் மண்ணீரலும் கூடவே ஒளிரும். ஹாட்ஜ்கின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அறிக்கையில் 'டிஃப்யூஸ்' என்று எழுதியிருந்தால் பரவலாக, சீராக என்று பொருள். 'ஃபோகல்' என்றால் குறிப்பிட்ட இடத்தில் திட்டு. நோய் கண்டுபிடித்த முதல் நாளிலேயே மஜ்ஜை சீராக ஒளிர்வதும் உண்டு. அதற்கும் பல நேரம் காரணம் ரத்தசோகையும் உடம்பின் அழற்சியும்தான். ஆகவே டிஃப்யூஸ் என்ற சொல்லைப் பார்த்து, உடம்பெங்கும் நோய் பரவிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டாவது சாட்சி காலண்டர். கவுன்ட் ஊசி போட்டு இரண்டு வாரமாவது போக வேண்டும். கீமோ முடிந்த பின் குறைந்தது மூன்று வாரம். சிகிச்சை முழுவதும் முடிந்த பின் எடுக்கும் கடைசி ஸ்கேனுக்கு ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்தால் இன்னும் நல்லது. கதிர்சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதம். இந்த இடைவெளி விட்டு எடுத்தால் பாதிக் குழப்பம் தானே தீரும்.

கதிர்சிகிச்சையின் கதை இதற்கு நேர்மாறு. கதிர் பட்ட இடத்தில் சிவப்பு மஜ்ஜை அழிந்து கொழுப்பாகிவிடும். அப்புறம் படத்தில் மேலும் கீழும் ஒளிர, நடுவில் நான்கைந்து முள்ளெலும்புகள் மட்டும் நேர்கோடு போட்டதுபோல் இருண்டு கிடக்கும். பழைய சிகிச்சையைத் தெரியாதவர் திகைப்பார். தெரிந்தவர், எந்த இடத்தில் கதிர் கொடுத்தார்கள் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

இந்த இருட்டிலிருந்தே ஒரு நல்ல யோசனை பிறந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இடுப்பில் கதிர் கொடுக்கும்போது இடுப்பெலும்பின் மஜ்ஜையும் அடிபடுகிறது. வெள்ளையணுக்கள் விழுந்து, கீமோவை நடுவில் நிறுத்த வேண்டியிருக்கிறது. இடுப்பெலும்பு முழுவதும் ஒரே மாதிரி உயிர்ப்போடு இருப்பதில்லையே! எந்தப் பகுதி மஜ்ஜை சுறுசுறுப்பானது என்று பெட்டில் பார்த்து, அந்தப் பகுதியைத் தவிர்த்துக் கதிரை வளைத்துக் கொடுத்தால்? சான் டியேகோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லோரன் மெல் குழுவினர் இதைச் செய்து பார்த்தார்கள். 83 பெண்கள் கலந்துகொண்ட அவர்களுடைய பன்னாட்டு ஆய்வு 2017இல் வெளியானது. பெட் வழிகாட்டிய பெண்களிடம் கடுமையான வெள்ளையணு வீழ்ச்சி குறைவாக இருந்தது. நோயைத் தேட வந்த ஸ்கேன், நல்ல மஜ்ஜைக்குக் காவலும் நிற்கிறது.

ஹெக்சோகைனேஸ் திரும்பி வரும் என்று சொன்னோமல்லவா? மல்டிபிள் மைலோமாவில் வருகிறது. மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகும் நோய் அது. முதுகுவலி, ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு என்று வேறு வேறு வேடத்தில் வரும். வயதான காலத்து வலி என்று பலர் தைலம் தேய்த்துக்கொண்டே மாதங்களைக் கடத்துவார்கள். இந்த நோயில் பெட்-சிடிக்கு நல்ல மரியாதை உண்டு. எலும்பை அரித்த இடத்தையும், அங்கே நோய் இன்னும் உயிரோடிருக்கிறதா என்பதையும் சேர்த்துக் காட்டும். சிகிச்சைக்குப் பிறகு ஒளி அணைந்துபோனால் அது நல்ல அறிகுறி. ஆனால் அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் 227 நோயாளிகளை ஆராய்ந்தபோது ஒரு புதிர் கிடைத்தது. எம்ஆர்ஐயில் நோய் தெளிவாகத் தெரிந்தவர்களில் சிலருக்குப் பெட் ஒன்றுமே காட்டவில்லை. அப்படிப்பட்டவர்கள் 11 சதவீதம். காரணம் தேடியபோது, அவர்களுடைய நோய்ச் செல்களில் ஹெக்சோகைனேஸ்-2 குறைவாக இருந்தது தெரியவந்தது. சர்க்கரையைப் பிடித்துவைக்கும் நொதியே போதவில்லையென்றால் ஒளி எப்படி மிஞ்சும்? பெட் சுத்தமாக இருக்கிறது என்ற ஒற்றை வரியை நம்பி மைலோமா நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து வயதுக்குள் அதிகம் வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியில் தொடங்கி மஜ்ஜைக்குத் தாவும். நேற்றுவரை ஓடிய குழந்தை நடக்க மாட்டேன் என்று இடுப்பில் ஏறிக்கொள்ளும். இங்கே சர்க்கரையைவிட நல்ல தூதுவன் ஒருவன் உண்டு. நரம்புகள் பயன்படுத்தும் நார்அட்ரினலினைப் போன்ற எம்ஐபிஜி என்ற பொருள். 1980 வாக்கில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதில் அயோடின்-123 சேர்த்துச் செலுத்தி மறுநாள் படம் எடுக்கிறார்கள். தைராய்டு சுரப்பி அந்த அயோடினை உறிஞ்சிவிடாதபடி முன்கூட்டியே சாதாரண அயோடின் மருந்து கொடுப்பார்கள். அதைத் தவறவிடக் கூடாது. எலும்புக் கூட்டை ஒன்பது பகுதியாகவும் மற்ற திசுக்களைப் பத்தாவதாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண் போடுகிறார்கள். கியூரி மதிப்பெண் என்று பெயர், உச்சம் 30. இந்தப் பரீட்சையில் மட்டும் மதிப்பெண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிம்மதி. இத்தனை இருந்தும், நியூரோபிளாஸ்டோமாக் குழந்தைக்கு இரண்டு பக்க இடுப்பெலும்பிலும் ஊசிப் பரிசோதனை இன்னும் உண்டு. அதை ஸ்கேனால் ஒழிக்க முடியவில்லை.

நோயாளிகளை அடிக்கடி குழப்பும் ஒன்றையும் இங்கே தெளிவாக்கிவிடலாம். போன் ஸ்கேன் வேறு, மஜ்ஜையைப் பார்ப்பது வேறு. போன் ஸ்கேனில் செலுத்தும் டெக்னீசியம் மருந்து, எலும்பு புதிதாகக் கட்டப்படும் இடத்தில் போய் ஒட்டும். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போனால் சுற்றியுள்ள எலும்பு எதிர்வினையாகக் கட்டத் தொடங்கும், ஆகவே நன்றாகத் தெரியும். நோய் மஜ்ஜைக்குள் மட்டும் இருந்து எலும்பை இன்னும் தொடவில்லை என்றால் போன் ஸ்கேன் சும்மா இருந்துவிடும். மைலோமாவோ எலும்பு கட்டும் செல்களையே அடக்கிவிடுகிறது. அங்கே போன் ஸ்கேன் நம்பத்தகாதது. போன் ஸ்கேன் நார்மல் என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பெட் எதற்கு என்று மருத்துவரிடம் வாதாடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் ஊசிக்கும் ஸ்கேனுக்கும் நடந்த போட்டியில் வென்றது யார்? ஹாட்ஜ்கினில் ஸ்கேன் வென்றது, சந்தேகமே இல்லை. ரத்தப் புற்றுநோயில் ஊசிதான் அரசன். எந்த வகைச் செல், எந்த மரபணுவில் மாற்றம், எந்த மாத்திரை பலிக்கும் என்பதை எந்தப் படமும் சொல்லாது. மைலோமாவில் இரண்டும் வேண்டும். எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் சொல்லும், என்ன அது என்று ஊசி சொல்லும். ஸ்கேன் காட்டிய திட்டில் குறிபார்த்து ஊசியை இறக்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு இடுப்பில் குத்துவதைவிட எத்தனையோ மேல். எல்லா நோய்க்கும் பெட் எடுத்துவிட்டால் ஊசியே தேவையில்லை என்று யாராவது விளம்பரம் செய்தால் அதை நம்ப வேண்டாம்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள்.

பெட் ஸ்கேனுக்குப் போகும் அன்பர்களே, ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள், தண்ணீர் குடிக்கலாம். முதல்நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் மாத்திரையையும் இன்சுலினையும் என்ன செய்வது என்று முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். மருந்து ஏற்றிய பின் ஒரு மணி நேரம் செல்போனைக் கையில் எடுக்காமல் அமைதியாகச் சாய்ந்திருங்கள். வீட்டுக்குப் போனதும் அன்று ஒரு சில மணி நேரம் கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் நெருங்காமல் இருங்கள். பழைய ஸ்கேனின் தாளை மட்டுமல்ல, சிடி தட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கவுன்ட் ஊசி கடைசியாக என்று போட்டார்கள், கீமோ கடைசியாக என்று ஏறியது, கதிர் எந்த இடத்தில் எப்போது கொடுத்தார்கள் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

மருத்துவ மாணவர்களே, நாளை நீங்கள் பெட் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும்போது 'லிம்போமா, மறுபரிசோதனை' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடாதீர்கள். அந்தத் தேதிகளையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் போனால், எரிவது நோயா மீளும் மஜ்ஜையா என்று படம் படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும்; அந்த ஊகத்தின் விலையை நோயாளியின் குடும்பம் கொடுக்கும். எழுத அரை நிமிடம் ஆகும். எழுதுங்கள்.